கிண்டியில் ஏறும் கோடு

தாம்பரத்தில், அதுவும் ஆடி மாதப் புழுக்கத்தில், ஒருவனுடைய விரல் நுனி ஜில்லென்று இருக்க வேண்டுமானால் அதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கண்டுபிடிக்கப்பட்ட என் ஒரே திறமை அது. கண்டுபிடித்தவர், சேலையூரில் ஒரு முதல் மாடியில் பயோஃபீட்பேக் சிகிச்சை கொடுத்துவந்த ஓர் அம்மாள்.

முதல் நாள் படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் வலது கையை வாங்கிக்கொண்டார். கைகுலுக்குவதற்கு அல்ல. மோதிர விரலின் நுனியை மட்டும் தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்தினார். வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் முற்றலா பிஞ்சா என்று நுனியைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஒடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன்.

"ஐஸ் பெட்டியிலேர்ந்து நேரா வர்றீங்களா சார்?" என்றார்.

கேம்ப் ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு எட்டாவதாக வந்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சொல்லி, எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான் என்று ஆரம்பித்தேன்.

"வாய் இருக்கட்டும் சார். விரல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்டது விரலைத்தான். தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், வாசலில் கீரை விற்கிற பெண், வாடகை கேட்க வருகிற வீட்டுக்காரர் எல்லாரும் அந்த வீட்டில் முதலில் விரலை நீட்டிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னார்கள். ஒரு தடவை எங்கள் காலனியில் ஒரு கல்யாண வரவேற்பு. என் மனைவி வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அந்த அம்மாள் மேடை ஏறி, பரிசைக் கொடுத்துவிட்டு, மணப்பெண்ணின் விரலைப் பிடித்தவர் விடவேயில்லை. போட்டோகிராபர் இரண்டு தடவை இருமிப் பார்த்தார். வரிசை மண்டப வாசல் வரை நின்றது. அவர் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ மெதுவாகச் சொன்னபடி, அந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இப்ப சரி, சிரிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி, சாப்பிடாமல் போய்விட்டார். அன்று மாலை முழுக்கப் பொம்மை போல நின்ற அந்தப் பெண் அதற்கப்புறம்தான் சிரித்தாள் என்று என் மனைவி வீட்டுக்கு வந்து சொன்னாள். கூடவே, முப்பது வருஷத்தில் என் விரலை ஒரு தடவையாவது பிடித்துப் பார்த்தீர்களா என்றும் கேட்டாள். நான் பேப்பரைத் திறந்துகொண்டேன்.

என் படபடப்பின் வரலாறு சுருக்கமானது. தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் ஆபீசுக்குப் போகிறவன். ஒரு நாள் காலை கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில், ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறியதும், என் இதயம் எனக்கு முன்னால் இறங்கிவிடப் பார்த்தது. செத்துப்போகப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. சைதாப்பேட்டையில் சரியாகிவிட்டது. மறுநாளும் அதே பாலம், அதே சாவு, அதே சைதாப்பேட்டை. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் முடித்த டாக்டர், "உங்க ஹார்ட் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார். மற்றது நன்றாக இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லி, சேலையூர் முகவரி எழுதிக் கொடுத்தார்.

சிகிச்சை பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். முன்னறையில் ஏசியைப் போட்டு நாற்காலியில் சாய்த்து உட்காரவைப்பார். விரல் நுனியில் மிளகு அளவில் ஒரு சென்சாரை ஒட்டுவார். அதிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து லேப்டாப்புக்குப் போகும். திரையில் ஒரு கோடு. அது உங்கள் விரலின் சூடு. பயந்தால் ரத்தம் கை கால்களைக் கைவிட்டு உள்ளே ஓடிவிடுகிறது, விரல் குளிர்கிறது, கோடு கீழே. அமைதியானால் ரத்தம் திரும்ப வருகிறது, கோடு மேலே. அதைப் பார்த்துப் பார்த்து, எப்போது ஏறுகிறது என்று உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். "நரம்பு மண்டலத்துல ஆக்ஸிலேட்டர் ஒண்ணு, பிரேக் ஒண்ணு இருக்கு சார். உங்களுக்கு ரெண்டுமே ஒரே நேரத்துல மிதிச்சபடி இருக்கு" என்றார்.

நான் படித்தவன். அது என் வியாதிகளில் முதன்மையானது. அடுத்த வாரத்துக்குள் இது சம்பந்தமாக ஐந்து புத்தகங்களை முடித்துவிட்டேன். மூளையிலிருந்து வயிறு வரை போகும் நரம்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் ஆபீஸ் கேன்டீனில் மேஜை காலியாகிவிடும். ஆனால் என் விரல் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை. எண்பத்து நான்கு ஃபாரன்ஹீட் டிகிரியில் நின்றது. நான் பல்லைக் கடித்து அமைதியாக இருக்க முயன்றேன். எண்பத்து மூன்று.

"முயற்சி பண்ணாதீங்க சார்."

முயற்சி பண்ணாமல் இருக்க முயன்றேன். எண்பத்து இரண்டரை.

"பாத்துட்டே இருங்க, போதும்" என்பார். வாழ்க்கையில் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சொல்லித்தரப்பட்டதில்லை. அந்த அறையில் நான் மட்டுமல்ல, யாருமே அப்படித்தான். வெளியே காத்திருக்கும் பெஞ்சில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒற்றைத் தலைவலிக்கு வருகிறவர். நான் வெளியே வந்ததும், "எவ்ளோ?" என்பார். எண்பத்து நாலு என்பேன். "நான் போன வாரம் எண்பத்தொம்பது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். காலனிக்காரர்களிடம் ஒரு எண்ணைக் காட்டினால் அது மார்க்காகிவிடும். அமைதியில் ஃபெயிலான முதல் ஆள் என்ற பெயர் எடுக்க எனக்கு மனமில்லை.

கீழே ஒரு டீக்கடை இருந்தது. நான்காவது சனிக்கிழமை நேரமிருந்ததால் ஒரு டீ வாங்கினேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்துவிட்டு மேலே போனேன். சென்சார் ஒட்டினார். தொண்ணூற்று மூன்று.

அவர் "ம்" என்றார். வெளியே தலைமை ஆசிரியையிடம் எண்ணைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் நான் டீயைக் குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். அதற்கடுத்த வாரம் ஸ்ட்ராங்காக வேண்டாம், சூடாகக் கொடு என்று கடைக்காரரிடம் கேட்டேன். அப்போதுதான் படிக்கட்டுத் திருப்பத்தில் தலைமை ஆசிரியை தன் கைப்பையிலிருந்த வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காதது போலக் கடந்து போனோம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள், திரையைப் பார்த்தபடியே அந்த அம்மாள் சொன்னார்: "சார், நிஜ சூடு கீழேர்ந்து மெதுவா ஏறும். திருட்டுச் சூடு மேலேர்ந்து ஆரம்பிச்சு இறங்கிட்டே வரும். உங்க கோடு அஞ்சு வாரமா இறங்கிட்டே இருக்கு."

முதல் நாளே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டம்ளரைப் புடிச்சப்ப உங்களுக்கு நல்லா இருந்துச்சுல்ல? இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, சிரிக்கவில்லை. வயரைச் சுருட்டி வைத்தார். அன்று நான் முதன்முதலாக எதையும் செய்யாமல், வெட்கத்தோடு மட்டும் உட்கார்ந்திருந்தேன். கோடு எண்பத்து நான்கிலிருந்து, தானாக, எண்பத்தேழு வரை ஏறியது.

என் நேரம் சனிக்கிழமை மூன்று மணி. மூன்று இருபத்தைந்துக்கு எழுந்துவிடச் சொல்வார். அதற்கப்புறம் அவர் யாரையும் பார்க்கமாட்டார். ஏனென்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கடற்கரை."

பிறகு நீண்ட மௌனம். நான் நின்றேன்.

"கோட்டை."

மறுபடியும் இரண்டு மூன்று நிமிஷம் எதுவுமில்லை. "பூங்கா." யாரோ ரயில் டைம்டேபிளைத் தூக்கத்தில் ஒப்பிக்கிறார்கள் போலிருந்தது. என் பாலம் வருவதற்கு முன்னால் படியிறங்கிவிட்டேன்.

உள்ளறையில் அவர் கணவர் இருந்தார். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. கண் திறப்பார். யாரையும் பார்க்கமாட்டார். குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஒரு ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை டெக்னீஷியனாக இருந்த அந்த அம்மாள் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இந்தச் சிகிச்சையை ஆரம்பித்தது அவரை விட்டு நகர முடியாமல்தான். "உங்கள ஒரு நூறு தடவையாவது அவர் நுங்கம்பாக்கத்துல இறக்கி விட்டிருப்பார் சார்" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு ரயில் ஓட்டியவர் யாரென்று அப்போதுதான் தெரிந்தது என்பது ஒரு மாதிரியாக இருந்தது.

தினமும் மூன்றரை மணிக்கு அந்த அம்மாள் கணவரின் விரலில் அதே சென்சாரை ஒட்டிவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வார். ரயில் எடுத்துக்கொள்ளும் அதே நேரம், அதே இடைவெளி. தாம்பரம் சேர ஐம்பத்தைந்து நிமிஷம். ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கோடு தட்டையாக வந்துகொண்டிருந்தது. "மாம்பலம்." தட்டை. "சைதாப்பேட்டை." தட்டை. என் உள்ளங்கை வேர்த்தது. "கிண்டி" என்றார். கோடு நிமிர்ந்தது. மெதுவாக, கீழேயிருந்து, அவர் சொன்ன நிஜ சூட்டைப் போலவே ஏறியது.

"தினமும் கிண்டியிலதான் சார். அவரு இருக்காரு."

அதுதான் அவருடைய வழக்கு. எதிர்த்தரப்பில் இருந்தது கணவரின் அண்ணன், குடும்பத்தில் மூத்தவர். மாடம்பாக்கத்துப் பழைய குடும்பம், நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு அரிசிக் கடை வைத்திருப்பவர். தம்பியை ஊரப்பாக்கம் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. இடம்கூடச் சொல்லி வைத்துவிட்டார். கார்த்திகை வரைக்கும் தவணை. அதற்குள் டாக்டர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது மாற்றம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வண்டி வந்துவிடும்.

வில்லனாக இருப்பார் என்று நினைத்துத்தான் நான் அவரை எதிர்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி தேவைப்படுகிறது. படியில் பார்த்தவர், நான்தான் பத்திரிகையில் எழுதுகிறவனா என்று கேட்டு, என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"நீங்களாவது அவளாண்ட சொல்லுங்க சார். ரெண்டு வருஷமா அவ தூங்கி நான் பாக்கல. இவனப் பொரட்டிப் பொரட்டி முதுகு போயிடுச்சு. அவன் எப்பவோ போயிட்டான் சார், ஒடம்பு மட்டும் கீது. இன்னும் ஒரு வருஷம் இப்டியே போச்சுன்னா இவளையும் நான் தூக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த அம்மாள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி கடைசியில் அந்த அம்மாள் என்னிடம் ஒரு ஃபைலைக் கொடுத்தார். கணவரின் கோடுகள், நாள் வாரியாக அச்செடுத்துத் தேதி எழுதியவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் வருகிறார், நேரிலேயே பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருப்பதாகவும், நான் வந்து விளக்கிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் கேட்டார். "எழுதறவங்கன்னா அவருக்கு ஒரு மரியாதை சார்." மாடம்பாக்கத்தில் அப்படியும் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குச் செய்தியாக இருந்தது.

நல்ல மாணவனாக அதை வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். ஒவ்வொரு நாளும் கிண்டி வருகிற நான்கு மணிவாக்கில் கோடு ஏறியது. நடுவில் ஒன்பது நாள் ஏறவில்லை. தட்டையாக, நூல் பிடித்த மாதிரி கிடந்தது. தேதிகளைப் பார்த்தேன். மறக்க வழியில்லாத தேதிகள். விடாத மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, நான் லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அதே ஒன்பது நாள். அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக நாலைந்து தட்டை நாட்கள். அவை எல்லாம் மேகமூட்டமாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் போய், அந்த ஒன்பது நாள் என்ன ஆயிற்று என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"மழைன்னா அவருக்கு ஆகாது சார். தண்டவாளத்துல தண்ணி நின்னா வண்டிய ஊர்ந்து ஊர்ந்து ஓட்டணும். அன்னிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் பேசவே மாட்டார்."

அவர் தோளுக்கு மேல் நான் உள்ளறை ஜன்னலைப் பார்த்தேன். மேற்குப் பார்த்த ஜன்னல். சென்னையில் எந்தக் குடித்தனக்காரரும் குறை சொல்லிப் பாதி வாடகை குறைக்கச் சொல்லும் ஜன்னல். திரைச்சீலை இல்லை. அன்று வெயில் இருந்தது. கம்பிகளின் நிழலோடு சேர்ந்து ஒரு சதுரம் தரையில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கட்டில் பக்கமாக நகர்ந்தது. கட்டிலில், பக்கத்தில் நீட்டி வைக்கப்பட்ட வலது கை.

திருட்டுச் சூட்டில் அனுபவப்பட்டவன் நான். எனக்குத் தெரியாமல் போகுமா? என் டம்ளர் அவசரக்காரனின் டம்ளர், மேலிருந்து இறங்கியது. சூரியன் அப்படியில்லை. கீழேயிருந்து, நிதானமாக, நிஜத்தைப் போலவே ஏற்றுகிறது.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் ஏற்படவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் ஏமாறுவதைக் கிண்டல் செய்து எழுதிக் காசு வாங்கியவன், அன்று ஷேர் ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த அம்மாளிடம் சொல்லிவிட வேண்டுமா, அல்லது அண்ணனிடமே சொல்லிவிடுவது தர்மமா, அந்த அம்மாளின் முதுகையும் யோசிக்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் வாதாடினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க டீ டம்ளரை அந்தம்மா எத்தனை வாரம் கழிச்சு சொன்னாங்க?"

"அஞ்சு வாரம்."

"நீங்களும் அஞ்சு வாரம் கழிச்சு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததே தூறலோடு. மத்தியானம் தூறல் நின்றது, வானம் வெளுக்கவில்லை. மூன்றேகாலுக்கு நான் போனபோது அந்த அம்மாள் என் விரலை வழக்கம்போலப் பிடித்துப் பார்த்தார். மூத்தவர் ஏற்கெனவே வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். இல்லத்திலிருந்து மறுநாள் வண்டி அனுப்பச் சொல்லியிருப்பதை என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அந்த அம்மாள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். சென்சாரை ஒட்டுகிற கை ஒரு கணம் நின்று, பிறகு ஒட்டியது.

"கடற்கரை" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க். அதற்குப் பின்னால் அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம். எழும்பூர். சேத்துப்பட்டு. மூத்தவர் திரையைப் பார்த்தார். கோடு தட்டை. நுங்கம்பாக்கம், நான் இறங்க வேண்டிய இடம். என் வாழ்நாளில் வெயிலுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. கடவுள் விஷயத்தில் நான் பல காலமாக ஒதுங்கி நிற்பவன். அன்று கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் அந்தக் கொள்கையைத் தளர்த்திக்கொண்டேன்.

"சைதாப்பேட்டை."

என் இதயம் பாலத்தில் ஏறியது. அறையில் நான்கு பேர் இருந்தோம், அதில் அமைதியாக இருந்தது ஒருவர்தான். மூத்தவர் வேட்டியை உதறி எழுந்திருக்கத் தயாரானார். "போதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் முதலில் ஒரு மங்கல் தெரிந்தது. பிறகு ஜன்னல் கம்பியின் நிழல், ஒன்று, இரண்டு. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மேகம் விலகிக்கொண்டிருந்தது. சதுரம் கட்டில் சட்டத்தில் ஏறி, போர்வையில் நகர்ந்து, அந்தக் கையின் மேல் வந்து உட்கார்ந்தது.

"கிண்டி."

கோடு நிமிர்ந்தது.

மூத்தவர் திரையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவரு சார். நெசமாவே ஏறுதா?"

இந்த இடத்தில்தான் நான் விளக்கியிருக்க வேண்டும். ஐந்து புத்தகங்கள் படித்தவன். அவருடைய முகம் எனக்கு முன்னால் இருந்தது, அந்த அம்மாளின் முதுகும். முதுகு என்றால் எல்லா அர்த்தத்திலும்தான். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் அந்த முதுகில்தான் போய் விழும்.

"ஏறுது சார்" என்றேன். உண்மை. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

மூத்தவர் குனிந்து தம்பியின் விரல்களைப் பிடித்தார். அந்த அம்மாள் பிடிக்கிற மாதிரி அல்ல, மொத்தமாக, ரோட்டைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. வெகுநேரம் பிடித்திருந்தார். இரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கையைத் தொட்டதே இல்லையோ என்று தோன்றியது.

"சூடாத்தான் கீது" என்றார்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், தன் கடையில் வேலை செய்கிற ஓர் ஆளைக் காலையில் வந்து தம்பியைப் புரட்டிவிட்டுப் போகச் சொல்வதாகவும் அந்த அம்மாளிடம் சொன்னார். அவர், "சரி மாமா" என்றார். மூத்தவர் படியிறங்குகிற சத்தம் கீழே போய் அடங்கியது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெளிவாகவில்லை. இன்னும் ஒரு வருஷத்தை அந்த அம்மாளின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேனா, அல்லது அவரிடமிருந்து எடுக்க இருந்ததைத் தடுத்திருக்கிறேனா? ஐந்து வாரம் வேண்டாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "மேடம், அந்த ஜன்னல்..." என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். இரும்புக் கட்டிலின் கால்களில் ரப்பர் மாட்டியிருந்தது. அந்த ரப்பர் மொசைக் தரையில் கறுப்பாக வளையம் பதித்திருந்தது. கட்டில் இப்போது நிற்கிற இடத்துக்குத் தெற்கே, ஒரு சாண் தள்ளி ஒரு வளையம். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்படியே சுவர் வரைக்கும் ஏழோ எட்டோ. பழையவை மங்கியிருந்தன. புதியது பளபளவென்று கறுப்பாக இருந்தது. ஆடியிலிருந்து வாரக் கணக்கில், வெயில் நகர நகர, கட்டிலும் பின்னாலேயே நகர்ந்திருக்கிறது. அந்த முதுகை வைத்துக்கொண்டு, தனியாக.

நான் வளையங்களைப் பார்ப்பதை அவர் பார்த்தார். யாருடைய திருட்டுச் சூட்டையும் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறவர் அவர்.

"உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"வாய் இருக்கட்டும் சார்."

கோபமில்லை. வழக்கமாகச் சொல்கிற அதே குரல். ஆனால் அடுத்ததாக வர வேண்டிய விரலைப் பற்றிய வாக்கியம் வரவில்லை. எழுந்து, இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போனார். சதுரம் அதற்குள் மணிக்கட்டைத் தாண்டிப் போர்வையின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது.

"மார்கழி வரைக்கும் வெயில் இந்தப் பக்கமாத்தான் போகும் சார். அப்புறம் திரும்பிடும்" என்றார். "கொஞ்சம் அந்தக் கால்மாட்டைப் புடிக்கிறீங்களா?"

அந்த மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. ஏழெட்டு வருஷமாகிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது நான் இன்றைக்கும் மோதிர விரலின் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் ஜில்லென்றுதான் இருக்கிறது.

அன்று நான் கால்மாட்டைப் பிடித்தேன். இரும்பு கனத்தது. அதன் மேல் ஒரு மனிதர் இருந்தார், அல்லது ஒரு மனிதரின் எடை. இருவரும் மூச்சைப் பிடித்து ஒரு சாண் தூக்கி வைத்தோம். வெயில் மறுபடியும் அந்தக் கைக்கு வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிஷம் தாமதம் என்று கணக்கிட்டார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"பரங்கிமலை."